முந்நூற்று நாற்பது அடியில் ஒரு போன்

21.10.2024
அம்பிகாபூர் பக்கம், சத்தீஸ்கர்

பிரவீனாவுக்கு,

ஜெகதீஸ்வரன் எழுதுவது. நான் இங்கே சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஆயுத பூஜை முடிந்து எலச்சிபாளையத்தில் கிளம்பிய போர்வெல் ரிக் வண்டி நாலாம் நாள் இங்கே வந்து சேர்ந்தது. ஒரு செய்தி, பதறாதே. என் போன் போய்விட்டது. முதல் போர்வெல்லில் முந்நூற்று நாற்பது அடியில் தண்ணீர் வந்தது. குழிக்குள் விட்ட ராடையெல்லாம் கழற்றி ஏற்றிவிட்டு, தண்ணீர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று குனிந்து பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து போன் நழுவிவிட்டது. குழியின் வாய் ஆறரை அங்குலம்தான். விளிம்பில்கூட இடிக்காமல் நேராக இறங்கியது. பத்து வருட டிரில்லர் வேலையில் நான் எதையும் அவ்வளவு நேராக இறக்கியதில்லை.

புதுப் போன் இப்போதைக்கு வேண்டாம். இங்கே டவரும் கிடையாது. அவசரம் என்றால் மேனேஜர் காளியண்ணனுக்குப் போன் செய், அவருக்கு மட்டும் எப்படியோ டவர் கிடைக்கிறது. மற்றபடி கடிதம் எழுது. ஏஜெண்ட் கடை முகவரி பின்னால் இருக்கிறது.

காலையில் பாறைப் பொடி எழும்பி இலுப்பை மரங்களை மூடிக்கொள்கிறது. மரம் இருந்த இடத்தில் மரத்தின் நினைப்பு மட்டும் நிற்கிறது. பிறகு மெல்ல மரம் திரும்பி வருகிறது.

அன்புடன்,
ஜெகதீஸ்வரன்


2.11.2024
எலச்சிபாளையம்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் வந்தது. நானும் அத்தையும் நலம். உங்கள் முதுகு, கண், தொண்டை எல்லாம் நலம்தானே? அத்தையின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல ஓர் ஆள் குறைந்ததுதான் அவருக்குக் கூடுதல் வலி.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "போன் உழுந்துருச்சாமா? பைக்குப் பட்டன் போடு, பட்டன் போடுன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன். சின்ன வயசுலயே அவனுக்கு நான் சொல்றது காதுல ஏறாது சாமி" என்றார்.

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பழக்கத்தில் உங்கள் நம்பருக்கு அடித்துவிட்டேன். ரிங் போனது. கடைசி வரை போய் நின்றது. முந்நூற்று நாற்பது அடிக்குக் கீழே, தண்ணீருக்குள், இத்தனை நாளாகச் சார்ஜ் நிற்கிறது. மேலே கிடைக்காத டவரும் கீழே கிடைக்கிறது. நல்ல போன். அடுத்ததும் அதே கம்பெனியில் வாங்கலாம்.

காலேஜில் அல்ஜீப்ரா ஓடுகிறது. எங்கள் மோனிஷா மிஸ் என்னைவிட இரண்டு வயது சின்னவர். பி.பி.ஏ. வகுப்பில் தாலி போட்ட ஒரே மாணவியை 'நீ' என்பதா 'நீங்க' என்பதா என்று முடிவாகாமல், என்னிடம் மட்டும் கேள்வியே கேட்பதில்லை. "ஒரு அட்டையில் உள்ள முட்டைகளை எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்" என்றார் போன வாரம். கோழிப்பண்ணைக்காரப் பெண் எழுந்தாள். "மிஸ், அட்டைக்கு முப்பது மிஸ். நாமக்கல்ல இது எல்லாத்துக்கும் தெரியும்." அத்தோடு அன்றைய அல்ஜீப்ரா முடிந்தது.

எக்செல் பயிற்சிக்கு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுத் தொழிலிலிருந்து நூறு வரிசை விவரம் கொண்டுவர வேண்டுமாம். சிலருக்கு முட்டை, சிலருக்கு லாரி டயர். எனக்கு நீங்கள்தான். உங்கள் மூன்று வருட நோட்டுகள் பீரோவில் இருக்கின்றன. இந்த வருடத்தையும் எழுதி அனுப்புங்கள். ஊர், பாறை, எத்தனை ராடு, பாறையைக் குடையும் பிட்டு ஒன்று எத்தனை அடி உழைத்தது, இவ்வளவு போதும்.

தினமும் ஆறு மணிக்கு உங்களை நினைக்கும்,
பிரவீனா


20.11.2024
பத்தல்காவ் பக்கம்

பிரவீனாவுக்கு,

நான் சுகம். சளிகூட இல்லை. நீ கேட்ட விவரம் பதினோரு போருக்கு எழுதி வைத்திருக்கிறேன். நம் தொழிலை எக்செல்லில் போடுவார்கள் என்று தெரிந்திருந்தால் கையெழுத்தைத் திருத்தியிருப்பேன்.

இங்கே வேலை இந்த வருடம் ரொம்ப அமைதி. ரிக்கில் யாரும் பேசுவதில்லை, உனக்குத் தெரியும். கம்ப்ரசர் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. எல்லாம் கைதான். பிரபாகர் ராடை மாட்டிவிட்டு விரலைக் காட்டுவான், நான் தலையை ஆட்டுவேன், வண்டிக்காரன் காற்றைத் திறப்பான். நாள் முழுக்க ஒரு வார்த்தை இல்லாமல் எண்ணூறு அடி போய்விடும். பூமி மட்டும் காலுக்கடியில் லேசாக நடுங்கும்.

நேற்று வயலில் ஒரு மயில் நின்றது. கழுத்தை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. பின்னால் மலை, மேலே ஒரே ஒரு மேகம். யாரோ வரைந்த படத்துக்குள் மயிலுக்கு மட்டும் அசைய அனுமதி கொடுத்த மாதிரி இருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் பையில் பட்டன் தைத்துக்கொண்டதாகச் சொல்.

ஜெகதீஸ்வரன்


4.12.2024
எலச்சிபாளையம்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே பனி இறங்கியிருக்குமே, மூச்சு, மூட்டு, பல் எல்லாம் சரியாக இருக்கிறதா?

போன் இல்லாத பைக்கு எதற்குப் பட்டன் என்று அத்தை கேட்கிறார். நான் கேட்கவில்லை.

உங்கள் நோட்டுகளை ஏற்றிவிட்டேன். இருநூற்றுப் பதினாலு போர், இருநூற்றுப் பதினாலு வரிசை. ஒரு ராடு இருபது அடி, கீழே பாறையை அடிக்கும் ஹேமரும் பிட்டும் சேர்ந்து நாலு அடி. ஆகவே ஆழம் என்பது இருபது பெருக்கல் எக்ஸ், கூட்டல் நாலு. இதைக் கரும்பலகையில் எழுதியபோது மோனிஷா மிஸ் முதல்முறையாக என்னைப் பார்த்து "நல்லா இருக்குங்க" என்றார். பத்து வருடமாக நீங்கள் அல்ஜீப்ராதான் செய்துகொண்டிருக்கிறீர்கள். யாரும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

எக்செல்லில் ஒரு விசேஷம். முதல் கட்டத்தில் கணக்கைப் போட்டுக் கீழே இழுத்தால் எல்லாக் கட்டமும் தானாக நிரம்பும். ஆனால் இழுக்கும்போது கணக்கில் இருக்கும் கட்டங்களும் ஒவ்வொரு படியாக இறங்கிவிடும். அந்த நாலு எழுதிய கட்டம் எனக்கு இருநூறு வரிசை தள்ளிப்போய், கடைசி ஊரில் ஹேமரே இல்லாமல் போர் போட்டிருந்தீர்கள். அதற்கு மருந்து டாலர் குறி. ஒரு கட்டத்தின் பெயரில் டாலர் போட்டுவிட்டால் என்ன இழுத்தாலும் அது நின்ற இடத்தில் நிற்கும். சில மனிதர்களுக்கும் போட முடிந்தால் நன்றாக இருக்கும்.

ஒரு சந்தேகம். முதல் நோட்டில் உங்கள் பிட்டு ஒன்று சராசரி 2,400 அடி உழைத்திருக்கிறது. அடுத்த வருடம் 2,150. அதற்கடுத்து 1,900. இப்போது 1,500. ஏன் மாமா?

பிரவீனா


19.12.2024
ஜஷ்பூர்

பிரவீனாவுக்கு,

சுகம். பல்லும் சுகம்.

பாறைதான் காரணம். இந்தப் பக்கம் கருங்கல் கெட்டி. பிட்டும் முன்போல் வருவதில்லை.

பனி அதிகம். விடிந்தால் வண்டி பாதிதான் தெரிகிறது. ரிக் மேடையில் ஏறி நின்றால் என் கால் எனக்குத் தெரிவதில்லை, மேகத்தின் மேல் வேலை பார்ப்பதுபோல் இருக்கிறது.

நன்றாகப் படி.

ஜெகதீஸ்வரன்


6.1.2025
எலச்சிபாளையம்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் கை, கால், நெஞ்சு, வயிறு நலமாக இருக்க வேண்டுகிறேன்.

பாறை என்று எழுதியிருந்தீர்கள். எக்செல்லில் வடிகட்டி என்று ஒன்று உண்டு. கருங்கல் ஊர்களை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதை மறைத்தேன். நாலு வருடமும் ஒரே பாறை. கோடு அப்படியேதான் இறங்குகிறது. பிட்டு வாங்கும் கம்பெனியும் மாறவில்லை, உங்கள் நோட்டிலேயே இருக்கிறது.

பிறகு இன்னொரு விவரத்தைப் பக்கத்தில் ஏற்றினேன். இது உங்களுக்குத் தெரியாது. கல்யாணமான நாள் முதல் நீங்கள் ரிக்கிலிருந்து போனில் பேசிய நிமிடங்களைக் காலண்டரில் தேதிக்கு அடியில் எழுதி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்க வேண்டாம், அப்போது எனக்கு வேறு வேலை இல்லை. முதல் வருடம் சராசரி பதினாலு நிமிடம். அடுத்தது ஒன்பது. அதற்கடுத்து ஐந்து. போன சித்திரையில் எது சொன்னாலும் "சரி புள்ள, சரி புள்ள" என்று வைத்துவிடுவீர்கள். நான் பாசம் என்று நினைத்தேன். மழைக்காலத்துக்கு வீட்டுக்கு வந்து நாலு மாதம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதையும் வேறு என்னவோ என்று நினைத்தேன்.

இரண்டு கோடும் ஒரே சாய்வில் இறங்குகின்றன. மிஸ் வெகுநேரம் பார்த்தார். "பிட்டுக்கும் போனுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டார். "கம்ப்ரசர்ங்க மிஸ்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பாறை மாறுவது ஹேமர் சத்தத்தில்தான் தெரியும், அந்த நொடியில் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பிட்டின் பல் உதிர்ந்துவிடும் என்று கல்யாணமான புதிதில் நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். மிஸ்ஸுக்குச் சொல்ல யாரும் இல்லை.

படத்தை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். எக்ஸ் எது என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் கணக்கு, விடையும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

பொங்கலுக்கு அத்தை முறுக்கு அனுப்புகிறார்.

பிரவீனா


9.2.2025
எலச்சிபாளையம்

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. முறுக்கு வந்ததா?

காளியண்ணன் அண்ணனுக்குப் போன் செய்தேன். "நல்லா இருக்காருங்க அம்மிணி, மேடை மேல நிக்கிறாருங்க" என்றார். போன வாரமும் மேடைமேல்தான் நின்றீர்கள், அதற்கு முந்தின வாரமும். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

முந்நூற்று நாற்பது அடிக்கு இன்றும் ஆறு மணிக்கு அடித்தேன். ரிங் போகிறது.

பிரவீனா


24.2.2025
ராய்கட்

பிரவீனாவுக்கு,

நான் நலம் என்று எழுதி எழுதிப் பழகிவிட்டது. இந்த முறை அதை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

உன் படம் வந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், போனோடு சேர்த்து.

போன் விழவில்லை. அன்று குனிந்தது உண்மை. நழுவியதும் உண்மை, கையில் பிடித்துவிட்டேன். பிடித்த பிறகுதான், விழுந்திருந்தால் எவ்வளவு வசதி என்று தோன்றியது.

மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. முதலில் குருவி. அப்புறம் மழை. இப்போது கம்ப்ரசர்கூட யாரோ தூரத்து வீட்டில் மாவரைப்பதுபோல்தான். ரிக்கில் யாருக்கும் தெரியவில்லை. வண்டி ஓடும்வரை அங்கே எல்லோரும் செவிடுதான், நான் தனியாகத் தெரியமாட்டேன். ஹேமர் சத்தத்துக்குப் பதிலாகக் காலில் வரும் நடுக்கத்தை வைத்து ஓட்டினேன். கால் எவ்வளவு தவறாகக் கேட்கிறது என்று உன் கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. கேட்காத டிரில்லரை யாரும் மேடையில் நிறுத்தமாட்டார்கள். மேடையை விட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கயிறு நழுவி ஒரு ராடு விழுந்தது. பிரபாகர் கத்தியிருக்கிறான், எல்லோரும் விலகிவிட்டார்கள். நான் மட்டும் நின்றேன். என் தோளுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தி நின்று ஆடிக்கொண்டிருந்தது. அது ஆடுவதைப் பார்த்துத்தான் விழுந்ததே தெரிந்தது. யாருக்கும் அடியில்லை. அன்று விலகாமல் நின்றதால் எனக்கு ஆகியிருக்கும். இன்னொரு நாள் நான் கேட்காததால் பிரபாகருக்கு ஆகலாம். காளியண்ணன் என் முன்னால் வந்து நின்று, "ஏனுங்க, காது கேக்கறதில்லீங்களா?" என்றார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். "ஆமாங்க" என்றேன். மேடையிலிருந்து இறங்கிவிட்டேன். புது டிரில்லர் வரும்வரை டீசல் வண்டியில் இருக்கிறேன்.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். போன வருடம் நீ காலேஜ் சேரட்டுமா என்று போனில் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. வழக்கம்போல் சரி புள்ள என்றிருக்கிறேன். வீட்டுக்கு வந்தபோது ஆணியில் உன் அடையாள அட்டை தொங்கியதைப் பார்த்துத்தான் தெரியும். கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்காமலே சரியாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

இரண்டாவது, உன் முகத்தைப் பார்த்தது உதட்டைப் படிக்க மட்டும் இல்லை. எதற்கு எவ்வளவு பங்கு என்று நீயே எக்செல்லில் போட்டுக்கொள்.

தினமும் ஆறு மணிக்குப் போன் பையில் துடிக்கும். எடுத்தால் உன் உதடு தெரியாது, அதனால் எடுக்கமாட்டேன். நிற்கும்வரை மேலே கையை வைத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள்கூடத் தவறியதில்லை. தவறினால் என்ன செய்வேன் என்று ஐந்தரைக்கே பயம் வந்துவிடும்.

ஜெகதீஸ்வரன்


5.3.2025
எலச்சிபாளையம்

அன்புள்ள மாமாவுக்கு,

விடை சரி. முழு மதிப்பெண்.

இங்கே நலம். உங்கள் தோள், கை, கால், முதுகு நலமா? காது நலமா? இதை இத்தனை நாள் கேட்காமல் விட்டதற்கு என்னை மன்னிக்க வேண்டும். போனுக்கு ரிங் போன முதல் நாளே ஏதோ ஒன்று என்று தெரியும். கேட்டால் இன்னொரு பொய் சொல்லவைத்த பாவம் எனக்கு வரும் என்று கேட்கவில்லை. ராடு விழுந்ததைப் படித்த பிறகு, நான் பொறுமை என்று நினைத்தது வெறும் பயம் என்று தெரிந்தது.

சேலத்தில் காது டாக்டரைப் பார்த்துப் பேசினேன். போனது திரும்புமா என்றேன். ஆளைப் பார்க்காமல் சொல்ல முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம், மெஷின் வைத்துப் பார்க்கலாம், முதலில் அந்தச் சத்தத்தை விட்டு வரச் சொல்லுங்கள் என்றார். நான் சொல்கிறேன், வாருங்கள்.

அத்தையிடம் சொன்னேன். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப சின்ன வயசுல நான் சொன்னதெல்லாம் அவனுக்குக் கேட்டுச்சா சாமி?" என்றார். "கேட்டிருக்குங்க அத்தை." "அப்பறம் ஏன் பட்டன் போடுல?" என்று திட்டிவிட்டு உள்ளே போய் அழுதார்.

மேடையை விட்டால் ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊரில் எத்தனை அடியில் என்ன பாறை என்று இருநூற்றுச் சொச்சம் வரிசை என் ஷீட்டில் இருக்கிறது. ஒவ்வொன்றும் உங்கள் கையெழுத்து. போனில் இதைச் சொன்னதும் காளியண்ணன் அண்ணன் ஒரு நகல் கேட்டுவிட்டார். 'எழுதித் தருகிறவர் ஊருக்கு வரட்டும், வந்து பேசலாம்' என்றேன்.

ரிக்கில் என்னென்ன சைகை என்று எழுதுங்கள். நானும் அத்தையும் படிக்க வேண்டும்.

பிரவீனா


15.3.2025
ராய்கட்

பிரவீனாவுக்கு,

காது நலமில்லை. மற்றதெல்லாம் நலம். இப்படி எழுதுவது லேசாக இருக்கிறது.

கையை முஷ்டியாக மடக்கினால் நிறுத்து. இரண்டு விரல் என்றால் அடுத்த ராடு. உள்ளங்கையைச் சுற்றினால் காற்றைத் திற. உள்ளங்கையை மேலே தூக்கினால் வெளியே எடு. தண்ணீர் வந்ததற்குச் சைகை கிடையாது, நனைந்துவிடும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். சாப்பிட்டாயா, தூக்கம் வருகிறதா என்பதற்கெல்லாம் நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

புது டிரில்லர் வந்துவிட்டான். பிலாஸ்பூரில் ரயில் ஏறி ஏப்ரல் 2, புதன்கிழமை காலை சேலம் ஜங்ஷனில் இறங்குவேன். ஸ்டேஷன் கூட்டத்தில் எனக்கு இப்போதெல்லாம் பயம். எல்லோர் வாயும் அசைகிறது, யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிவதில்லை. நீ வந்தால் கூப்பிடாதே. எனக்குத் தெரியாமல் போனால் உனக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஜெகதீஸ்வரன்


24.3.2025
எலச்சிபாளையம்

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் கிளம்புவதற்குள் இது ஏஜெண்ட் கடைக்கு வந்துவிடும் என்று நம்புகிறேன். அத்தைக்குச் சைகை எல்லாம் வந்துவிட்டது. நேற்று எனக்கு முஷ்டியை மடக்கிக் காட்டினார். சமையலில் உப்பு போதும் என்று அர்த்தமாம்.

புதன்கிழமை வருகிறேன். கூப்பிடமாட்டேன். இறங்கியதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பைமேல் கையை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி ஆகாவிட்டாலும் அது துடிக்கும். துடித்தால் நான் உங்களைப் பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். தேட வேண்டாம். டாலர் போட்டதுபோல் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். நான் வருகிறேன்.

பிரவீனா